ஒரு க்ளிக்குக்கு இரண்டு வண்டி

போன் வந்தாலே பிடிக்காது என்று பெருந்தேவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை குழம்பு தாளிக்கும்போது போன் அடிக்கும். வல்லக்கோட்டையில் முருகனுக்கு முன்னால் கண்ணை மூடி நிற்கும்போது போன் அடிக்கும். "பாருங்க, சாமி கும்பிடக்கூட வுடமாட்டேன்றாங்க" என்று பக்கத்தில் நிற்பவரிடம் அலுத்துக்கொண்டு, தீபாராதனை முடியும்வரைகூடப் பொறுக்காமல் வெளியே ஓடிவந்து எடுப்பாள். எடுக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அலுப்பு எவ்வளவு நிஜம் என்பது தெரியும்.

ஒரகடத்தில் கார் இருக்கை செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. இருக்கை தைப்பதும் பூட்டுவதும் அல்ல, லைன் திரை. லைனில் நாற்பத்திரண்டு ஸ்டேஷன்கள். லைன் லீடர் உட்காரும் கண்ணாடி கேபினில் ஒரு கம்ப்யூட்டர், அதன் திரையில் நாற்பத்திரண்டு பட்டன்கள். எந்த ஸ்டேஷனில் இருக்கைக்குள் வைக்கிற ஃபோமோ மேலே போடுகிற உறையோ தீரப்போகிறதோ அங்கே நிற்கிற பையன் கையைத் தூக்குவான். லீடர் அந்த ஸ்டேஷன் பட்டனை அமுக்குவார். ஸ்டோருக்குச் செய்தி போகும், ஒரு டிராலி வண்டி வரும். கேட்க இவ்வளவுதான். ஆனால் அந்த இவ்வளவையும் எழுதியது பெருந்தேவி.

ஒருமுறை ஆயுத பூஜை அன்று லைன் பையன்கள் மெஷின், ஸ்பேனர், தராசு என எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, திரைக்கும் வைத்தார்கள். ஒன்று வைத்தால் மற்ற பட்டன்களுக்கு மனக்குறை என்று நாற்பத்திரண்டுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். அது தொடுதிரை. யாரும் அதை அணைத்துவைக்கவில்லை. ஸ்டோரில் தனியாக உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்த தசரதன், ஒரே நேரத்தில் நாற்பத்திரண்டு ஸ்டேஷனும் இரண்டு இரண்டு தடவை சரக்கு கேட்பதைப் பார்த்து, பூஜையன்றைக்கே வண்டியைக் கிளப்பிவிட்டார். பட்டுப்புடவையோடு ஸ்கூட்டரில் வந்து அத்தனையையும் ரத்து செய்துவிட்டுப் போனாள் பெருந்தேவி. அந்தக் கதையை அவள் ஒரு வருடம் சொன்னாள். கேட்டவர்களுக்கே இரண்டாம் தடவை சொன்னாள்.

அவள் எழுதிய விதம் இது. பட்டனைத் திரையில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினால், அதை அமுக்கும்போது என்ன நடக்க வேண்டும் என்று எழுத ஒரு காலி இடம் திறக்கும். முதல் பட்டனுக்கு எழுதினாள். இரண்டாவதற்கும் தட்டி எழுதினாள். இப்படியே நாற்பத்திரண்டாவது வரைக்கும். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே வரிகள்தான், ஸ்டேஷன் பெயர் மட்டும் வேறு. ஸ்டோரிலிருந்து ஏதாவது மாற்றம் கேட்டால் நாற்பத்திரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். எங்காவது ஒன்று விட்டுப்போகும். விட்டுப்போனால் லைனிலிருந்து போன் வரும். "மேடம், பதினெட்டாம் நம்பர் மக்கர் பண்ணுது." அவள் போய்ச் சரிசெய்வாள். எந்தப் பட்டனுக்கு என்ன கோளாறு என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் அவளைத் தவிர யாரும் சரிசெய்ய முடியாது. அவள் கணவன் பிரசாந்த் இருங்காட்டுக்கோட்டையில் இன்னொரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். "நீ பட்டனை எழுதலடி, நாப்பத்திரண்டு புள்ளைங்கள பெத்து வச்சிகினு இருக்கற" என்று கிண்டல் செய்வான். அதைக் கேட்டு அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை.

இப்படி இருந்தபோதுதான் பாண்டிச்செல்வி வந்தாள்.

கயத்தாறு பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் பெண்கள் விடுதியில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் வந்து போனாள். பெருந்தேவியின் மேஜைக்குப் பக்கத்து மேஜை. வந்த அன்றே "அக்கா" என்று கூப்பிட்டாள். பெருந்தேவிக்கு அது ஒரு மாதிரி இருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் மேடம் என்கிறபோது இவள் மட்டும் எந்த உரிமையில் அக்கா என்கிறாள் என்று நினைத்தாள். ஆனால் மேடம் என்றிருந்தால், திமிரைப் பார் என்று நினைத்திருப்பாள். ஒருவரைப் பிடிக்காமல் போக வேண்டும் என்று முடிவாகிவிட்டால் அவர் வாய் திறப்பதே குற்றம்தான்.

லைன் பையன்களில் பாதிப் பேர் தெற்கத்திக்காரர்கள். இரண்டாம் ஷிப்ட் லீடர் கொம்பையாவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். பாண்டிச்செல்வி முதல்நாள் லைனைப் பார்க்கப் போனபோது, "ஏன் தங்கச்சி, எந்தூரு?" என்று அவர் கேட்டதும், அவள் சொன்னதும், அங்கே இன்னாரைத் தெரியுமா என்று அவர் இழுத்ததும், கேபினில் ஒரே சிரிப்பு. பெருந்தேவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து வருடமாக இந்த லைனுக்கு வந்துபோகிறாள், ஒருவரும் அவளிடம் எந்த ஊர் என்று கேட்டதில்லை. அவள் ஊர் இதுதான். கேட்க என்ன இருக்கிறது?

ஊருக்குப் போய்வந்த ஒரு பையன் கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்றைப் பாண்டிச்செல்விக்குக் கொடுத்தான். அவள் அதைப் பிரித்து முதல் துண்டைப் பெருந்தேவிக்கு நீட்டினாள். பெருந்தேவி வாங்கித் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது. "பல்லுல ஒட்டிக்குது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

இதெல்லாம் சின்ன எரிச்சல். பெரிய எரிச்சல் அதற்கடுத்த மாதம் வந்தது. மானேஜர் சங்கரநாராயணன் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் லேப்டாப்பில் பாண்டிச்செல்வி எழுதிய புது புரோகிராம் இருந்தது.

"இந்தப் பொண்ணு என்ன பண்ணியிருக்குன்னு பாத்தீங்களா பெருந்தேவி? நாப்பத்திரண்டு பட்டனுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃபங்க்‌ஷன்."

பாண்டிச்செல்வி தயங்கித் தயங்கி விளக்கினாள். ஒரு பட்டனை அமுக்கினால், அமுக்கப்பட்டது நான்தான் என்று அந்தப் பட்டனே தன்னைச் சொல்லிக்கொண்டு வரும். அப்புறம் எதற்கு நாற்பத்திரண்டு முறை எழுத வேண்டும்? ஒவ்வொரு பட்டனின் முதுகிலும் அதன் ஸ்டேஷன் பெயரை ஒட்டிவிடலாம். திரை எழும்போதே எல்லாப் பட்டன்களையும் ஒரே ஃபங்க்‌ஷனோடு கட்டிவிடலாம். எது அமுக்கப்பட்டாலும் அந்த ஒரே ஃபங்க்‌ஷனுக்குத்தான் வரும். வந்ததும் முதுகைப் பார்த்து, பெயரைத் தெரிந்துகொண்டு, ஸ்டோருக்குச் சொல்லிவிடும்.

"அக்கா எழுதினதத்தான்க்கா அடிப்படையா வச்சிக்கிட்டேன். கொஞ்சம் சுருக்கியிருக்கேன்" என்றாள்.

கொஞ்சமாம். பெருந்தேவி திரையைப் பார்த்தாள். அவள் உருட்டி உருட்டிக் கீழே போகும் புரோகிராம், இங்கே ஒரு பார்வையில் முடிந்துபோனது. மண்டைக்குள் சூடு ஏறியது. இது அவளுக்குத் தெரியாத வித்தை அல்ல, கல்லூரியில் படித்ததுதான். முதல் பட்டனை எழுதியபோது அவசரம், பத்தாவதை எழுதியபோது பழக்கம், நாற்பதாவதை எழுதியபோது வீம்பு.

"ஒரே எடத்துல எல்லாத்தையும் கட்டிட்டா, ஒண்ணு போனா எல்லாம் போய்டும் சார்" என்றாள்.

"ஒரே எடத்துல திருத்தினா எல்லாமே திருந்திடுமேம்மா" என்றார் சங்கரநாராயணன்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனி புது லைன் போடுகிறது. அங்கே முதல் பட்டனிலிருந்து எல்லாம் புதிது. இருவரில் ஒருவர் அங்கே திரைக்கு முழுப்பொறுப்பு, மற்றவர் இங்கேயே. "செவ்வாய்க்கிழமை புது புரோகிராம இங்க ஓட விடுவோம். எல்லா ஷிப்டும் ஒழுங்கா ஓடட்டும். யார் போறதுன்னு புதன்கிழமை சொல்றேன்."

யார் என்பதை அவர் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார் என்று அவர் பார்த்த பக்கத்திலிருந்தே பெருந்தேவிக்குத் தெரிந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது பிரசாந்திடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நேற்று வந்தவள், பட்டனுக்கு ஒரு முதுகாம், முதுகில் பெயராம். அந்த லைன் எப்படிப் பிறந்தது என்று இவளுக்குத் தெரியுமா? முழுப்பொறுப்பு என்றால் திரையின் கீழே பொறுப்பாளர் பெயர் வரும். அந்த இடத்தில் பாண்டிச்செல்வி என்று இருப்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"அப்ப அந்தப் பொண்ணு எழுதினது நல்லா இல்லையா?" என்று கேட்டான் பிரசாந்த்.

"நல்லா இருக்குது. அதான இப்ப பிரச்சன" என்றாள் பெருந்தேவி. அதற்குமேல் அவனுக்குக் கேட்கத் தைரியமில்லை, ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் தொடங்குமுன் புது புரோகிராமை ஏற்றுவதற்காகப் பாண்டிச்செல்வி முதல் ஷிப்ட் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். பெருந்தேவி வழக்கமான நேரத்துக்கு வந்தபோது லைன் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டாம் நம்பர் மக்கர் பண்ணவில்லை. எந்த நம்பரும் பண்ணவில்லை. கேட்ட இடத்துக்கு வண்டி போனது. மாடியில் தன் மேஜையிலிருந்து கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெருந்தேவிக்கு வயிறு எரிந்தது.

பாண்டிச்செல்வி மேலே வந்தாள். தூக்கமில்லாத கண்.

"அக்கா, ஒரு உதவி. நான் எழுதினத ஒருக்க முழுசாப் பாத்திருதியளா? எதையாச்சும் விட்டிருப்பேனோன்னு பயமா இருக்கு. இந்த லைனப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எனக்குத் தெரியாதுல்லா?"

"குடு, பாக்கறேன்" என்றாள் பெருந்தேவி.

பார்த்தாள். சரியாக இருக்கிறதா என்று பார்க்கவில்லை, எங்கே தப்பு என்று பார்த்தாள். இரண்டும் ஒரே வேலை மாதிரித் தெரியும், ஆனால் இரண்டாவதில் கண் கூர்மையாகிவிடும். மூன்றாவது முறை படிக்கும்போது அகப்பட்டது.

பட்டன்களை ஃபங்க்‌ஷனோடு கட்டுகிற வரியை, பெயர், நிறம் எல்லாம் போட்டுத் திரையை அலங்கரிக்கிற இடத்தில் வைத்திருந்தாள் பாண்டிச்செல்வி. திரை எழும்போது லீடர் பெயரைக் கேட்டுப் போட்டுக்கொண்டு அந்த இடம் ஒருமுறை ஓடும், காலையில் அப்படித்தான் ஓடியது. அதில் தப்பில்லை. ஆனால் இந்த லைனில் திரையை யாரும் மூடுவதே இல்லை. அந்தப் பழைய கம்ப்யூட்டர் மறுபடி எழுந்துவருகிற கொஞ்ச நேரத்துக்கும் லைன் நிற்க வேண்டும் என்பதால், ஷிப்ட் மாறும்போது புது லீடர் "ஷிப்ட் மாற்று" என்ற பட்டனை அமுக்கித் தன் பெயரைப் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். அந்த வழக்கத்தை உண்டாக்கியதே பெருந்தேவி. அந்தப் பட்டனை அமுக்கினால் திரை மறுபடி அலங்கரிக்கப்படும். அப்போது பட்டன்கள் மறுபடியும் கட்டப்படும். பழைய கட்டை அவிழ்க்காமல் அதன்மேலேயே இன்னொரு கட்டு. அதற்குப் பிறகு ஒருமுறை அமுக்கினால் இரண்டு முறை போகும். ராத்திரி ஷிப்ட் மாறினால் மூன்று முறை. பாண்டிச்செல்வி தன் மேஜையில் சோதித்தபோதெல்லாம் மூடி மூடித் திறந்துதான் பார்த்திருப்பாள், அதனால் தெரிந்திருக்காது.

கட்டுகிற வரிக்குமுன்னால் பழைய கட்டை அவிழ்க்கிற வரி ஒன்று எழுதினால் போதும்.

பெருந்தேவிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பல நாளாக அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். மத்தியானம் இரண்டாம் ஷிப்ட் வரும். கொம்பையா தன் பெயரைப் போடுவார். அதன்பிறகு லைனில் நடக்கப்போவதை அவள் இப்போதே பார்த்தாள். எல்லோரும் தலையைச் சொறிவார்கள். கடைசியில் யாருக்குப் போன் செய்வார்கள்? அவள் மெதுவாக, மிக மெதுவாக, மாடிப்படி இறங்கிப் போவாள்.

"என்னக்கா, பாத்தாச்சா?" பாண்டிச்செல்வி இரண்டு காகிதக் கப்பில் டீயோடு வந்து நின்றாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றாள் பெருந்தேவி. டீயை வாங்கிக் குடித்தாள்.

மத்தியானம், முதல் ஷிப்ட் ஆட்கள் வீடு திரும்பும் பஸ்ஸில் பாண்டிச்செல்வி கிளம்பினாள். போகும்போது, "நல்லபடியா ஓடுனா சாயங்காலம் கோயிலுக்குப் போலாம்னு இருக்கேங்க்கா" என்றாள். போய்வா என்று தலையாட்டினாள் பெருந்தேவி.

கொம்பையா வந்தார். கேபினில் உட்கார்ந்தார். "ஷிப்ட் மாற்று" பட்டனை அமுக்கித் தன் பெயரைப் போட்டார். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் பெருந்தேவி போனை மேஜைமேல் மல்லாக்க வைத்துக்கொண்டாள். சத்தம் போதாதோ என்று கூட்டியும் வைத்தாள்.

முதலில் ஒன்பதாம் ஸ்டேஷன் கை தூக்கியது. அமுக்கினார். ஸ்டோரிலிருந்து ஃபோம் வண்டி வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு ஃபோம் வண்டி. ஒன்பதாம் ஸ்டேஷன் பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இருபது. இரண்டு வண்டி. முப்பத்தொன்று. இரண்டு வண்டி. கொஞ்ச நேரத்தில் லைனுக்குப் பக்கத்துப் பாதை முழுக்க வண்டி. காலி வண்டி திரும்ப இடமில்லை, நிறைந்த வண்டி நுழைய இடமில்லை. ஸ்டோரிலிருந்து தசரதன் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னாபா கொம்பையா, வெளாடறியா? ஒரு தபா சரக்கு வந்து எறங்கல, அதுக்குள்ள மறுதபா கேக்கற?"

"நான் எங்கய்யா கேட்டேன்? ஒருக்கதான் அமுக்குனேன்."

"என் ஸ்கிரீன்ல ரெண்டு தபா வந்துகீது. நீ கேட்ட, நான் அனுப்பனேன். எம்மேல இன்னா தப்பு கீது?"

சத்தம் மாடிவரைக்கும் வந்தது. கொம்பையா தலையைச் சொறிந்தார். அப்படியே, பெருந்தேவி நினைத்த மாதிரியே. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். நம்பரை அமுக்கிக் காதில் வைத்தார். பெருந்தேவி தன் போனைப் பார்த்தாள்.

அது அடிக்கவில்லை.

சிக்னல் இல்லையோ என்று கையில் எடுத்துப் பார்த்தாள். முழுசாக இருந்தது. கீழே கொம்பையா பேசிக்கொண்டிருந்தார். "செல்வி, இங்கன வந்து ஒரே கூத்தா இருக்கு" என்ற குரல் கண்ணாடியைத் தாண்டி வந்தது.

பெருந்தேவி கண்ணாடியோடு ஒட்டி நின்றாள். அவள் இங்கே இருக்கிறாள். அண்ணாந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், ஐந்து வருடமாக இருக்கிற அதே நாற்காலியில் இருக்கிறாள். பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறவளுக்குப் போன் போகிறது. புரோகிராம் அவளுடையது, அதனால் அவளைக் கேட்கிறார் என்று நியாயம் சொல்லலாம். அந்த நியாயம் பெருந்தேவிக்கும் தெரியும். நியாயம் தெரிந்து என்ன, பொறாமை அதைக் கேட்டுக்கொண்டா வருகிறது? தெரிந்தும் சொல்லாமல் விட்ட குழியில் அவளை விழவைத்தாயிற்று, விழுந்த இடத்திலும் எல்லோரும் அவள் பெயரையே கூப்பிடுகிறார்கள்.

மெதுவாக இறங்க நினைத்திருந்த படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

"மேடம், வந்துட்டீங்களா? செல்விகிட்டதான் பேசிட்டிருக்கேன்" என்று கொம்பையா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"அக்கா வந்துட்டாவளா? அப்பாடா, நல்லதாப் போச்சி" என்றது பாண்டிச்செல்வியின் குரல். பின்னால் பஸ் இரைச்சல். "அக்கா, காலைல நல்லாத்தானக்கா ஓடுச்சி. இப்ப ஒருக்க அமுக்குனா ரெண்டு போவுதுன்னு சொல்லுதாவ. எனக்கு ஒண்ணும் ஓடல. எங்க பாக்கன்னே தெரியலக்கா."

பெருந்தேவி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கம்ப்யூட்டரிலேயே புரோகிராமைத் திறந்து திருத்துவது அங்கே வழக்கம். திறந்தாள். கேபினைச் சுற்றிப் பையன்கள் கூடிவிட்டார்கள். தசரதன் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அண்ணே, எப்பத்துலேருந்துண்ணே இப்படி ஆவுது?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி.

"நான் வந்ததுலேருந்தே இப்படித்தான் தாயி."

"நீங்க வந்ததும் என்ன பண்ணுனிய? அப்படியே சொல்லுங்க."

"என்னத்தப் பண்ணுனேன், எப்பவும் போல உக்காந்தேன், பேர மாத்துனேன்..."

"பேர மாத்துனியளா? திரைய மூடாமலேயா?" என்று இழுத்தாள் அவள். யோசிக்கிறாள் என்று தெரிந்தது. "அப்பம் அந்த... இருங்க இருங்க. பேர மாத்தும்போது..."

கண்டுபிடித்துவிடுவாள். இன்னும் ஒரு மூச்சில் கண்டுபிடித்துவிடுவாள். பஸ்ஸில் உட்கார்ந்தபடி, திரையைப் பார்க்காமலேயே கண்டுபிடித்து, இத்தனை பேர் முன்னால் சொல்லியும்விடுவாள். அதைத் தன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று பெருந்தேவிக்குத் தோன்றியது. அவள் விரல்கள் நேராக அந்த இடத்துக்குப் போயின. தேடவில்லை, உருட்டவில்லை. கட்டுகிற வரிக்குமேலே அவிழ்க்கிற வரியை எழுதினாள். மூடித் திறந்தாள், லைன்தான் வண்டி அடைத்து ஏற்கெனவே நின்றிருந்ததே. கொம்பையாவின் பெயரைப் போட்டு, மறுபடி ஒருமுறை போட்டு, ஒன்பதாம் பட்டனை அமுக்கினாள்.

"தசரதண்ணே, உங்க ஆளுங்கள கேளுங்க. எத்தினி வந்துச்சி?"

தசரதன் ஸ்டோர் பக்கம் பார்த்துக் கத்தினார். ஒன்று என்று பதில் வந்தது.

"அவ்ளோதான், சரி பண்ணிட்டேன்" என்றாள் பெருந்தேவி, போனைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி.

பையன்கள் கைதட்டினார்கள். "மேடம்னா மேடம்தான்யா" என்றார் கொம்பையா. பெருந்தேவிக்கு அப்போதுதான் மூச்சு சீரானது.

போனில் பஸ் எங்கோ நின்று கிளம்பியது கேட்டது.

"அக்கா" என்றாள் பாண்டிச்செல்வி. "எங்க தப்புன்னு நான் இன்னும் சொல்லவே இல்லியே."

"மேடத்துக்கு நீ சொல்லணுமாக்கும்?" என்று கொம்பையா சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. "காலைல பாத்தியளேக்கா" என்றாள். கேள்வி மாதிரி இல்லை. "சரி, வைக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் பெருந்தேவி திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு நிமிடம் பொறுத்திருந்தால், தேடுகிற மாதிரி இரண்டு பக்கம் உருட்டியிருந்தால், ஒன்றும் தெரிந்திருக்காது. அவளால் அதுகூட முடியவில்லை.

புதன்கிழமை காலை சங்கரநாராயணன் இருவரையும் கூப்பிட்டார். பெருந்தேவி இரவெல்லாம் பதில் தயார்செய்து வைத்திருந்தாள். காலையில் அவசரமாகப் பார்த்தேன், கண்ணில் படவில்லை, லைனுக்குப் போனதும் பளிச்சென்று தெரிந்தது. இதையே நாலு விதமாகச் சொல்லிப்பார்த்திருந்தாள். நாலும் அவள் காதுக்கே பொய்யாகக் கேட்டன.

"நேத்து மத்தியானம் வண்டி ரெண்டு ரெண்டா வந்துச்சாமே?" என்றார் மானேஜர்.

"ஆமா சார்" என்றாள் பாண்டிச்செல்வி. மானேஜர் முன்னால் அவள் பேச்சு கொஞ்சம் இறுகியிருக்கும். "நான் எழுதினதுல இருந்த தப்புதான். ஷிப்ட் மாறும்போது இங்க திரைய மூட மாட்டாங்கன்னு நான் விசாரிச்சிருக்கணும். பெருந்தேவி அக்காதான் சரி பண்ணாங்க."

"எவ்ளோ நேரம் ஆச்சி?"

"நான் காரணத்தச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள முடிச்சிட்டாங்க சார்."

பெருந்தேவி தரையைப் பார்த்தாள். அடுத்த வார்த்தை வரப்போகிறது என்று காத்திருந்தாள். வரவில்லை.

சங்கரநாராயணன் தலையை ஆட்டினார். "நான் வேற மாதிரி நெனச்சிருந்தேன். ஆனா புது எடத்துக்கு லைன் எப்படி நடக்கும்னு தெரிஞ்ச ஆள்தான் வேணும்போல. பெருந்தேவி, நீங்களே இருங்காட்டுக்கோட்டைய எடுத்துக்குங்க. திங்கட்கிழமைலேருந்து அங்க. செல்வி இங்க பாத்துக்கட்டும்."

கேட்டது கிடைத்துவிட்டது. திரையின் கீழே அவள் பெயர்தான் வரப்போகிறது. பெருந்தேவி தேங்க்ஸ் சொன்னாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். அது வருவதற்குமுன் வேறொன்று வந்தது. இதைக்கூட இவள் கொடுத்துதானே நான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு வார்த்தையில் கவிழ்த்திருக்கலாம், கவிழ்க்கவில்லை. இவ்வளவு பெரிய மனசு இவளுக்கு எங்கிருந்து வந்தது? நேற்றுவரை அவள் மூளையைப் பார்த்துப் புகைந்தவள், இப்போது அவள் மனசையும் பார்த்துப் புகைந்தாள்.

வெளியே வந்து மாடிக் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றதும் பொறுக்க முடியவில்லை.

"இன்னாத்துக்குச் சொல்லல நீ?"

"எதக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காத. எனக்குக் காலைலயே தெரியும்னு உனக்குத் தெரியும். சார்கிட்ட ஏன் சொல்லல?"

பாண்டிச்செல்வி கீழே லைனைப் பார்த்தாள். நிதானமாகத்தான் சொன்னாள்.

"வண்டி ரெண்டு ரெண்டா வந்தப்பறம் என்ன அனுப்பியிருக்க மாட்டாரு, சொல்லியிருந்தா உங்களையும் எங்கயும் அனுப்பியிருக்க மாட்டாருக்கா. ரெண்டு பேரையும் இங்கனயேதான் வச்சிருப்பாரு. நான் தெனமும் உங்க பக்கத்துலல்லா ஒக்காந்திருக்கணும்?"

சொல்லிவிட்டு லைனுக்கு இறங்கிப் போனாள்.